இரண்டு நிமிடம், இன்சுலின்

பெட்டியைத் திறந்து
மூடியைத் தென்மேற்காய்ச் சரித்து
திசைகாட்டி பார்த்து மெல்லத் திருப்பவேண்டும்.
மெலிந்த கீச்சொலி ஒன்று
கொஞ்சம் கொஞ்சமாய்த் தடிக்கும்.
அப்போது கையை எடுத்துவிடவேண்டும்,
தூங்கிப்போன பிள்ளையிலிருந்து எடுப்பதுபோல.

நிவாரண அலுவலகத்தில் என் வேலை
அதை முற்றத்தில் வைப்பதும்
கொப்பியில் பதிவதும்:
திகதி, நேரம், நிமிடம், காரணம்.
நிமிடத்துக்கு மூன்று டொலர்.
காரணம் இல்லாத நிமிடத்தைக்
கொழும்பு என் சம்பளத்தில் கழிக்கும்.

அதற்குக் கூரை ஆகாது. மாமர நிழலும் ஆகாது.
வெட்டவெளியும் முழு வானமும் வேண்டும்.
நாங்களோ
இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் பாய்ந்து
வானத்துக்கு முதுகு காட்டப் பழகினவர்கள்.
எதற்கு ஒளித்தோமோ
அதன் முகத்தைப் பார்த்துத்தான் கதைப்பேன் என்றது
எங்களுக்கு எட்டிய ஒரே தொலைபேசி.

தொண்ணூற்றேழு, ஆவணி.
குருநகர் இமெல்டா வந்தாள்.
"ரண்டு மினிட் அண்ணை. ரண்டே ரண்டு."
பொறுப்பதிகாரி கப்பலேறித் திருகோணமலை போயிருந்தார்.
ஊரடங்குக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்.
முற்றத்து நடுவில் அவளைக் குந்தவைத்தேன்.

குரல்
முப்பத்தாறாயிரம் கிலோமீற்றர் ஏறி
அவ்வளவும் இறங்கி
நோர்வே போய்ச் சேரும்.
பதிலும் அதே வழியால்.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே
ஒரு மூச்சு அகலத்துக்குப் பள்ளம்.
கேட்டுவிட்டுப் பொறுக்கவேணும் என்று
சொல்லித்தான் வைத்திருந்தேன்.

"சுகமா இருக்கிறியளோ?"
பதில் இல்லை.
(அது வந்துகொண்டிருந்தது.)
"உங்களோட வேற ஆரும் இருக்கினமோ?"

"ஓம்" என்றது பெட்டி.

எந்தக் கேள்வியின் ஓம் அது?
அவள் என்னைப் பார்த்தாள்,
இயந்திரத்தின் பாஷை எனக்குத் தெரியும் என்பதுபோல.
நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.
பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள்,
ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்,
நீ சொல்லு, நீங்கள் சொல்லுங்கோ,
இரண்டு நிமிடம் முடிந்தது.

கொப்பியில் எழுதினேன்:
காரணம், அவசர மருந்து.
இன்சுலின், இருபது குப்பி.
நாக்கில் வந்த முதல் மருந்து அதுதான்.

அடுத்த கப்பலில்
இருபது குப்பி வந்திறங்கியது.
ஐஸ் பெட்டி, கொழும்பு முத்திரை, எல்லாம் சரி.
ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கினார்கள்.
ஆருக்குப் போனதென்று எனக்குத் தெரியாது.
பொய்க்காக என்னை ஒருவரும் தண்டிக்கவில்லை,
இரண்டு பேர் நன்றி சொன்னார்கள்.

சமாதான காலத்தில் கோபுரங்கள் வந்தன.
வானத்தை இறக்கிப்
பனைக்கு மேலே கொஞ்ச உயரத்தில்
கம்பியால் கட்டிவைத்ததுபோல.
கூரைக்குக் கீழே, போர்வைக்குள்,
பஸ் மிதிபலகையில் தொங்கிக்கொண்டும்
கதைக்கலாம் என்றானது.
காரணம் எழுதும் கொப்பி இல்லை.
நான் கஸ்தூரியார் வீதியில் கடை போட்டேன்:
சிம், ரீலோட், சார்ஜர்.

இமெல்டா சிம் வாங்க வந்தாள்.
அடையாள அட்டைப் படத்தில் இல்லாத நரை
காதோரம்.
"இப்ப அந்தப் பள்ளம் இல்லை" என்றேன்,
வியாபாரம்தானே,
"கேட்ட உடன பதில் வந்திடும்."

"ஓம். அதுதான் நான் கேக்கேல்லை."

மாதம் தவறாமல் எடுக்கிறானாம்.
மழை, மீன் விலை, அவனுடைய முழங்கால் நோ.
அவள் பக்கத்து வீட்டுக் கிணறு இடிந்ததை
மூன்று தரம் சொல்லிவிட்டாளாம்.

நூறு ரூபா ரீலோட் போட்டுக் கொடுத்தேன்.
கடைக்குள்ளேயே
சிக்னல் கோடு முழுதும் நிறைந்து நின்றது.
அவள் வெயிலுக்கு இறங்கி
வீதியோரம் குந்திக்கொண்டுதான்
எண்ணை அழுத்தினாள்.